அழிய மறுக்கும் 'ஆக்ஸ்'

லினக்ஸ் கணினியிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்த கோப்புகளில் 'ஆக்ஸ்' (ஏ, யு, எக்ஸ்) என்று ஒன்று இருக்கிறதாம். விண்டோஸில் அதை அழிக்கவும் முடியவில்லை, பெயர் மாற்றவும் முடியவில்லை. வைரஸா என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பெரும்பாலும் இத்தகைய பிடிவாதத்துக்குக் காரணம், ஏதோ ஒரு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருப்பதுதான். கோப்பைத் திறக்கும்போதே, 'நான் முடிக்கும்வரை வேறு யாரும் அழிக்கக் கூடாது' என்று அது நிபந்தனை போட முடியும். விண்டோஸ் அதை மதிக்கும். மென்பொருளை மூடுங்கள், அல்லது கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். தீர்ந்தது.

'ஆக்ஸ்' கதை வேறு. விண்டோஸுக்கு முன்னோடியாக 1981இல் வந்த இயங்குதளமான எம்எஸ்-டாஸில் கோப்புறைகளே கிடையாது. ஒரு வட்டு, அதில் கோப்புகள், அவ்வளவுதான். கருவிகளையும் கோப்புகளைப் போலவே கையாள அதில் ஓர் அழகான வசதி இருந்தது. 'பிஆர்என்' என்ற பெயருக்கு எழுதினால் அச்சுப்பொறியில் காகிதம் நகரும். 'கான்' (சி, ஓ, என்) என்ற பெயரிலிருந்து படித்தால் விசைப்பலகையில் தட்டுவது வரும். அதே பெயருக்கு எழுதினால் திரையில் தெரியும். 'ஆக்ஸ்' என்பது தொடர்முனை, மோடம் மாட்டும் இடம். அச்சிடுவதற்கென்று மென்பொருளில் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கோப்பின் பெயர் கேட்கும் இடத்தில் 'பிஆர்என்' என்று தட்டினால் போதும்.

1983இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தது. பழைய மென்பொருள் எந்தக் கோப்புறைக்குள் இருந்து ஓடினாலும் 'பிஆர்என்' அச்சுப்பொறிக்கே போக வேண்டும் அல்லவா? ஆகவே இந்தப் பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. சில மென்பொருள்கள் நாம் தட்டும் பெயரோடு '.டிஎக்ஸ்டி' போன்ற பின்னொட்டைத் தாமாகவே சேர்த்துவிடும். அதனால் புள்ளிக்குப் பின் என்ன இருந்தாலும் பொருட்படுத்தாதே என்று விதி வந்தது. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கரிசனம்தான்: யாரோ முன்பே எழுதிவிட்ட நிரல் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, வரப்போகும் எல்லோரிடமிருந்தும் சில பெயர்களைப் பறித்துக்கொண்டார்கள்.

'கான் என்று யாராலும் கோப்புறை உருவாக்க முடியாது. இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். பில் கேட்ஸுக்கே காரணம் தெரியவில்லை' என்று ஒரு மின்னஞ்சல் நம் நாட்டில் வெகுகாலம் சுற்றியது. விடை டாஸ் கையேட்டிலேயே அச்சில் இருக்க, படித்தவர்களும் அதைப் பெருமையோடு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மர்மம் என்றால் நமக்கு அப்படி ஒரு ருசி.

வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு 'ஆக்ஸ்' என்ற பெயரில் எந்த ஆட்சேபமும் இல்லை. லினக்ஸும் அதை மற்றக் கோப்புகளைப் போலவே எழுதிவிடும். தடுப்பது, டாஸ் கால விதியை மறக்காமல், பெயரை முதலில் வாங்கிப் படித்துப்பார்க்கும் விண்டோஸின் மேலடுக்கு. அழிக்கச் சொன்னால், தொடர்முனையை அழிக்கச் சொல்வதாக அது எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பரிசோதனையைத் தாண்ட வழி இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ட்) 'டெல்' (டி, இ, எல்) கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு பின்சாய்வுக்கோடு, ஒரு கேள்விக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்வுக்கோடு. அதையடுத்து டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் முழுப் பாதை. 'பெயரை ஆராயாதே, அப்படியே கீழே அனுப்பு' என்று அதற்கு அர்த்தம். கோப்புறையாக இருந்தால் 'டெல்' இடத்தில் 'ஆர்டி'. இதெல்லாம் வேண்டாம் என்றால், பென் டிரைவை அதே லினக்ஸ் கணினியில் செருகி அழித்துவிடுங்கள். வைரஸ் என்று சொல்லி யாராவது ஃபார்மேட் செய்யக் கேட்டால் கொடுக்காதீர்கள்.