ஜாம்பேசியில் கனூ ஏறும் முன்: நீர்யானைக்குத் தப்பினாலும் நத்தை இருக்கிறது

பயண மருத்துவம் பார்க்கிற என்னிடம் ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். ஜீப்பிலேயே சுற்றிவிட்டு வருகிறவர்களிடம் அதிகம் பேசுவதில்லை. ஜாம்பேசி ஆற்றில் கனூ ஓட்டி, கரையிறங்கிக் காட்டுக்குள் நடக்கப் போகிறேன் என்பவர்களைத்தான் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

அவர்கள் போவது பெரும்பாலும் கரிபா அணைக்குக் கீழே உள்ள பகுதிக்கு. ஜிம்பாப்வே கரையில் மானா பூல்ஸ் தேசியப் பூங்கா, 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. எதிர்க்கரையில் ஜாம்பியாவின் லோயர் ஜாம்பேசி தேசியப் பூங்கா. மே முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. உள்காட்டில் தண்ணீர் வற்ற வற்ற, யானையும் காட்டெருமையும் ஆற்றோரம் வந்து சேரும்.

விலங்குகள் விஷயத்தில் வழிகாட்டி சொல்வதை அப்படியே கேளுங்கள். மிரண்ட நீர்யானை ஆழத்தைத் தேடித்தான் ஓடும்; அதற்கும் ஆழத்துக்கும் நடுவே படகு மாட்டக் கூடாது. அதனால் வழிகாட்டி துடுப்பால் கனூவின் விளிம்பைத் தட்டிக்கொண்டே வருவார். மூழ்கிக் கிடப்பவை தலையைத் தூக்கும். இருக்கும் இடம் தெரிந்ததும், படகைக் கரையோரம் ஆழமில்லாத பக்கம் ஒதுக்குவார். நடையில் ஒற்றை வரிசை, பேச்சு கூடாது, எது எதிரே வந்தாலும் ஓடக் கூடாது.

எனக்குக் கவலை அந்த ஆழமில்லாத ஓரம்தான். நீரோட்டம் மந்தமாகி, நாணலும் செடிகொடியும் மண்டிய இடத்தில் நத்தை இருக்கும். அதிலிருந்து வெளிவரும், கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகச் சில நிமிடம் போதும், காயம்கூட வேண்டாம். மணல்திட்டில் தட்டிய கனூவைத் தள்ள முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே வாய்ப்புதான். நோயின் பெயர் பில்ஹார்சியா. தியோடர் பில்ஹார்ஸ் 1851இல் கெய்ரோவில் அந்தப் புழுவைக் கண்டறிந்தார். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்தால் போதும் என்பார்கள். அதை நம்பியிருக்க முடியாது. நாணல் ஓரத்தில் இறங்காமல் இருப்பது அதைவிட மேல்.

ஒருவர் ஊர் திரும்பி ஒன்றரை மாதம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் தடிப்போடு வந்தார். அதற்குள் டைபாய்டுக்கு மருந்து முடித்திருந்தார். கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளில், உடம்பில் புழு புகுந்தால் பெருகும் வெள்ளணுவான ஈசினோஃபில் எகிறிக் கிடந்தது. ஆப்பிரிக்கா போனதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மருத்துவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரத்னகிரி மாவட்டத்தின் கிம்வி கிராமத்தில் 1952இல் பதிவானதைத் தவிர, இந்த நோயைப் பற்றி நம் நாட்டில் கேள்விப்படுவதே அபூர்வம்.

மலேரியாவிலும் இதே கதைதான். அங்கே ஆளும் வகை ஃபால்சிபேரம். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். தடுப்புக்கு டாக்சிசைக்ளின் எழுதித் தந்தால், திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். விமானம் இறங்கியதும் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்! திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். எங்கே போனீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நடப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. ட்செட்சி ஈ பகலில் கடிக்கும், கொசு விரட்டிக் களிம்பைப் பெரிதாக மதிக்காது. நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்கிறார்கள். ஆகவே ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஈயால் வரும் தூக்க நோய் பயணிகளுக்கு அரிது, ஆனால் உயிரைக் குடிக்கும். புல்லில் நடக்கையில் ஏறும் உண்ணி கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு தட்டும், ஸ்கரப் டைபஸில் பார்ப்போமே, அதே மாதிரி. அந்த உண்ணிக் கடியால் வரும் காய்ச்சல் டாக்சிசைக்ளினில் குணமாகிவிடும்.

தண்ணீரில் கால் வைத்தவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பில்ஹார்சியாவுக்கான பரிசோதனைக்கு வாருங்கள். உடனே அதற்கான மருந்து பிராசிகுவான்டெல் கேட்காதீர்கள். அது வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குஞ்சை விட்டுவிடும். சிறுநீர் கொடுப்பதாக இருந்தால் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் எடுத்ததாக இருக்கட்டும். புழுவின் முட்டை அதிகமாக வெளியேறுவது அந்த நேரத்தில்தான்.