230 டிகிரிக்கு மேல் ஏறாத சூடு

“சிறிய அளவில் சர்க்யூட் போர்டு தயாரிக்கப் போகிறேன். சால்டரிங்குக்கு எந்த மெஷின் வாங்கலாம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கிப் பாகங்களைப் போர்டில் பற்றவைப்பதுதான் சால்டரிங். விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் உங்கள் போர்டைப் பாருங்கள்.

துளையில் கால் நுழைக்கும் பாகங்கள் நிறைய இருந்தால், உருகிய சால்டர் அலைமேல் போர்டை ஓட்டும் வேவ் சால்டரிங். அவை நாலைந்துதான் என்றால், அந்த இடங்களை மட்டும் தொடும் செலக்டிவ் மெஷின். பெரும்பாலும் எஸ்எம்டி பாகங்கள், அதாவது துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே உட்காருபவை என்றால் ரீஃப்ளோ: ஸ்டென்சில் என்ற துளைத்தகட்டை வைத்து, பசை மாதிரி இருக்கும் சால்டர் பேஸ்ட்டைப் பூசி, பாகங்களை வைத்து, மொத்தமாகச் சூடாக்கி உருக்குவது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய 63/37 வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயமில்லாத எஸ்ஏசி305 என்ற வெள்ளீய-வெள்ளி-செம்புக் கலவை 217-இல் தொடங்கி 220-இல்தான் முழுதாக உருகும். பாகங்கள் பலவற்றின் தாங்கும் எல்லையோ 245 முதல் 260. இந்தச் சின்ன இடைவெளிக்குள் போர்டு முழுவதும் வந்தாக வேண்டும். வெப்பக்காற்று அடுப்பில் குட்டி ரெசிஸ்டர் சட்டென்று சூடாகிவிடும், கனத்த டிரான்ஸ்பார்மர் பின்தங்கும். அதற்காகச் சூட்டை ஏற்றினால் ரெசிஸ்டர் வறுபடும்.

நான் மயங்குவது வேப்பர் ஃபேஸ் என்ற முறையில். தொட்டியின் அடியில் புளோரின் சேர்மத் திரவம் ஒன்று கொதிக்கிறது. கால்டன் என்ற பெயரில் விற்கும் இத்தகைய திரவ வகைகளில் ஒன்றின் கொதிநிலை சரியாக 230 டிகிரி. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே பறந்துவிடாமல் தொட்டிக்குள்ளேயே போர்வை மாதிரி படிந்து நிற்கும். ஆக்சிஜனுக்கும் அங்கே இடமில்லை. குளிர்ந்த போர்டு அதற்குள் இறங்கியதும் ஆவி அதன்மேல் திரவமாகி, உள்ளுறை வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. கொதிநீரைவிட நீராவி பட்டால் அதிகம் சுடுவதும் இதனால்தான். எந்த இடம் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே அதிக ஆவி படியும். டிரான்ஸ்பார்மர் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். 230-ஐத் தொட்டுவிட்ட ரெசிஸ்டர்மேல் ஆவி படிவது அதுவாகவே நின்றுவிடும். யாரும் கணக்குப் போட்டுப் பங்கிடவில்லை!

கண்ணாடி வழியே ஒருமுறை பாருங்கள். பாகங்கள்மேல் ஈரம் பளபளக்கும். சாம்பல் நிறப் பேஸ்ட் திடீரென்று வெள்ளியாக மாறும். அந்த நொடியில், கோணலாக வைத்த 1 மி.மீ. ரெசிஸ்டர், பரப்பு இழுவிசையால் தானே திரும்பி நேராக உட்காரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குறைகளும் உண்டு. திரவம் விலை அதிகம். வேகமாகச் சூடேற்றினால் ஒரு முனை முந்தி உருகி, பாகம் நட்டுக்குத்தாக எழுந்துவிடும். திரவத்தை அளவுமீறிச் சூடாக்கினால் நச்சு வாயு வரும். அதனால் ஹீட்டர் கட்டுப்பாடு நம்பகமானதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரே போர்டை ஆயிரக்கணக்கில் ஓட்டுபவருக்குப் தனித்தனிச் சூட்டு மண்டலங்கள் பல கொண்ட வெப்பக்காற்று அடுப்பே சரி. வகைவகையாகக் கொஞ்சம் கொஞ்சம் செய்பவருக்கு, கனத்த பாகங்களும் இருந்தால், வேப்பர் ஃபேஸ்.

பளபளத்தால்தான் நல்ல இணைப்பு என்பது ஈயக் காலத்து நம்பிக்கை. ஈயமில்லாத சால்டர் மங்கலாகத்தான் உறையும். அதைப் பார்த்துப் பயந்து சூட்டைக் கூட்டி நல்ல போர்டைக் கெடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பயிற்சிக்கூடங்களில் மெஷினுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், சூட்டை அளக்கும் கம்பி உணரியான தெர்மோகப்பிளுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் ஒதுக்குவதில்லை. இது மாற வேண்டும்.

வாங்கும் முன் உங்களிடம் உள்ளதிலேயே கனமான போர்டை எடுத்துப்போங்கள். பெரிய பாகத்தின் காலில் ஒன்று, சிறியதில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என மூன்று தெர்மோகப்பிள் ஒட்டி, விற்பவர் எதிரிலேயே ஓட்டச் சொல்லி நேரத்தோடு சூடு ஏறி இறங்குவதைக் காட்டும் மூன்று வரைகோடுகளையும் வாங்கிப் பாருங்கள்.