அடுத்தது எது என்று கேட்பீர்களா?

ஜாவா நிரல் மொழியிடம் ‘அழ’ என்ற சொல்லைக் கொடுத்து, அந்தச் சொல்லிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணைக் கேட்டால் 94415 என்று சொல்லும். ‘ஆக’ என்ற சொல்லைக் கொடுத்தாலும் அதே 94415தான். நம்பிக்கை வராவிட்டால் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்தான் யூனிகோடு எண்; முதல் எழுத்தின் யூனிகோடு எண்ணை 31ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்ட வேண்டும். ஈரெழுத்துச் சொல்லுக்குக் கணக்கு அவ்வளவுதான். அ 2949, ழ 2996. ஆ 2950, க 2965. முதல் எழுத்தில் ஒன்று கூடுகிறது, இரண்டாம் எழுத்தில் 31 குறைகிறது. பெருக்கலில் இரண்டும் சரியாகிவிடுகின்றன.

இந்த எண் எதற்கு என்றால், சாவியைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் ஹாஷ் டேபிள் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எத்தனை முறை வந்தது, பயனர் எண்ணைக் கொடுத்தால் அவர் பெயர் என்ன என்பது போன்ற தேடல்களை எழுதாத நிரலே கிடையாது. பத்து லட்சம் சாவிகளை ஒவ்வொன்றாகப் புரட்டாமல், சாவியிலிருந்தே அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பதுதான் தந்திரம். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் ஓர் உள்குறிப்பில் இதை எழுதிவைத்தார்.

ஜாவாவின் ஹாஷ் டேபிளான ஹாஷ்மேப் தொடக்கத்தில் 16 அறைகளோடு பிறக்கிறது. ஹாஷ் எண்ணின் பிட்டுகளை, அதாவது 0, 1 இலக்கங்களைக் கொஞ்சம் கலக்கி, கடைசி நான்கு பிட்டுகளை மட்டும் எடுத்தால் 0 முதல் 15 வரை ஓர் எண் வரும். ‘அழ’வுக்கு அது 14. ‘ஆக’வுக்கும் 14. ஒரே அறையில் இரண்டு பேர் வந்தால் சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொள்ளும். தேடும்போது சங்கிலியில் ஒவ்வொரு சாவியையும் உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் மோதல் நடந்தாலும் விடை தப்பாகாது, கொஞ்சம் தாமதமாகும். அறைகளில் முக்கால் பங்குக்கு மேல் சாவிகள் சேர்ந்தால், அதாவது பதின்மூன்றாவது சாவி நுழைந்ததும், அறைகள் 32 ஆகி எல்லோருக்கும் மறுபடி இடம் ஒதுக்கப்படும். எத்தனை சாவிகள் வரும் என்று முன்பே தெரிந்தால் அதற்கேற்ற அளவைச் சொல்லி உருவாக்குவது இந்த வீடு மாற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

சரி, மோதல் சாதாரணமாக எவ்வளவு நடக்கும்? சாவிகள் நன்றாகச் சிதறினால் ஒரு குறிப்பிட்ட அறையில் எட்டுப் பேர் சேரும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்றைவிடக் குறைவு. ஆனால் வேண்டுமென்றே சேர்க்க முடியும். ‘அழஅழ’, ‘அழஆக’, ‘ஆகஅழ’, ‘ஆகஆக’ நான்குக்கும் ஒரே ஹாஷ். இப்படிப் பதினாறு ஜோடிகளை ஒட்டினால் ஒரே எண் கொண்ட 65,536 சொற்கள் கிடைக்கும். அத்தனையையும் ஒரே சங்கிலியில் ஏற்ற, சுமார் 215 கோடி ஒப்பீடுகள். ஒரு வலைப் படிவத்தின் வழியாக இப்படிப்பட்ட சாவிகளை அனுப்பினால் எதிர்ப்பக்கத்துச் சர்வர் மூச்சுத் திணறும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த பைத்தான் மொழியின் 3.3 பதிப்பு, ஒவ்வொரு முறை ஓடும்போதும் எழுத்துச் சரங்களுக்கான ஹாஷில் ஒரு ரகசிய எண்ணைக் கலக்கத் தொடங்கியது. ஜாவா 2014இல் வேறு வழி பிடித்தது: சங்கிலி எட்டு என்ற எல்லையைத் தொட்டால் அந்த அறைக்குள்ளேயே, சாவிகளை வரிசைப்படிக் கிளை கிளையாக வைக்கும் ஒரு மரத்தை நட்டுவிடும்.

அந்த மரத்தைத் தனியாகவும் வாங்கலாம். ஜாவாவின் ட்ரீமேப் என்பது அதுதான். இங்கேதான் பலர் ‘எது வேகம்?’ என்று கேட்கிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சாவிகளிடம் ‘உனக்கு அடுத்தவர் யார்?’ என்று என்றைக்காவது கேட்பேனா என்பது.

ஒரு வெப்பமானி அவ்வப்போது அளவு எடுத்து அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் சாவி, வெப்பநிலை மதிப்பு. 2:58க்கு ஒரு பதிவு, 3:03க்கு ஒரு பதிவு. 3 மணிக்கு எவ்வளவு இருந்தது? ஹாஷ்மேப்பிடம் கேட்டால் ‘அப்படி ஒரு சாவி இல்லை’ என்று கையை விரிக்கும். 2:58 பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரியவும் கூடாது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துச் சாவிகளைத் திசைக்கொன்றாகச் சிதறடிப்பதால்தான் அதற்கு அந்த வேகமே கிடைக்கிறது. மரம் சாவிகளைச் சிறியது இடம், பெரியது வலம் என்று வரிசை கெடாமல் வைத்திருப்பதால், ‘3 மணியோ அதற்குச் சற்று முன்போ’ என்றால் 2:58ஐ நீட்டும். இரண்டு நேரங்களுக்கு நடுவில் உள்ள எல்லாப் பதிவுகளையும் தரும். மிகப் பழையது, மிகப் புதியது எல்லாம் உடனே வரும்.

விலை? மரம் ஒரு பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்ளும் முறையை 1962இல் சோவியத் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் கொடுத்தார்கள்; ட்ரீமேப்பில் இருப்பது அதே வேலைக்காகப் பின்னால் வந்த சிவப்பு-கறுப்பு மரம் என்ற வகை. பத்து லட்சம் சாவிகள் இருந்தாலும் அதன் உயரம் ஏறக்குறைய நாற்பதைத் தாண்டாது. வழக்கமாக இருபதை ஒட்டியே இருக்கும். ஹாஷ் ஓரிரு தாவலில் போகும் இடத்துக்கு மரம் இருபது படி இறங்குகிறது. பல நிரல்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தரவை ஒருமுறை ஏற்றிவிட்டு அப்புறம் தேட மட்டும் போகிறீர்கள் என்றால் மரம்கூட வேண்டாம், வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றில் பாதி பாதியாகத் தேடினால் போதும். பைத்தானில் மர வகை கூடவே வருவதில்லை என்பதால் பாதி பாதியாகத் தேடும் பைசெக்ட் என்ற நூலகத்தை வைத்து அப்படித்தான் செய்கிறார்கள். சி ஷார்ப் மொழியின் சார்ட்டட்டிக்‌ஷனரி மரம்தான். ஆனால் ‘இதற்குச் சற்று முன்பு எது?’ என்று நேரடியாகக் கேட்க அதில் வழி இல்லை. மரத்தை நட்டுவிட்டு ஏணியை எடுத்துப் போனது மாதிரி.

தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைப்பவர்களுக்கு மரத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ட்ரீமேப் தானாக வைக்கும் வரிசை யூனிகோடு எண் வரிசை, அகராதி வரிசை இல்லை. யூனிகோட்டில் ந முடிந்ததும் ன வந்துவிடும். ஜ, சவுக்கும் ஞவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். ர, ற, ல, ள, ழ, வ என்று போகும் அந்த வரிசையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தால் அடிதான் விழும். புள்ளி வைத்த க், அகராதியில் கவுக்கு முன்னால் வர வேண்டியது, கௌவுக்கும் பின்னால் போய்விடும். ஆகவே மரத்தை உருவாக்கும்போதே நம் ஒப்பீட்டு முறையைக் கொடுக்க வேண்டும். அதில் ஓர் எச்சரிக்கை: ஒப்பீட்டு முறை எந்த இரண்டைச் ‘சமம்’ என்கிறதோ, அவை மரத்துக்கு ஒரே சாவி. பின்னால் வந்தவரின் மதிப்பு முன்னவரின் மதிப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

மூன்றாவது தேவை ஒன்று இருக்கிறது: போட்ட வரிசையிலேயே திரும்ப வர வேண்டும். ஜாவாவில் இதற்கு லிங்க்டுஹாஷ்மேப். கடைசியாகத் தொட்டவரைக் கடைசிக்கு நகர்த்தச் சொல்லி ஓர் அமைப்பு அதில் இருக்கிறது. அடிக்கடி வேண்டியதைக் கையருகே வைத்துக்கொண்டு, நெடுநாள் தொடாதவரை வெளியேற்றும் தற்காலிகச் சேமிப்பான கேஷ் எழுத நினைப்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பைத்தானில் சாவி–மதிப்பு வகையான சாதாரண டிக்‌ஷனரியே 3.7 முதல் இந்த உறுதியைத் தருகிறது. யாரும் வரிசைக்காக அதை வடிவமைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நினைவகம் மிச்சம் பிடிக்க, பதிவுகளை நெருக்கமான பட்டியலில் வந்த வரிசையில் அடுக்கி, அறைகளில் பட்டியல் எண்ணை மட்டும் வைத்தார்கள். 3.6இல் டிக்‌ஷனரி பிடிக்கும் இடம் 20 முதல் 25 சதவீதம் குறைந்தது, வரிசை இனாமாக வந்தது. கோ மொழி நேர் எதிர். அங்கே மேப்பை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வேண்டுமென்றே தொடக்கத்தை மாற்றும், யாரும் தற்செயலான வரிசையை நம்பி நிரல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் பலர் வெறும் ஆப்ஜெக்டையே சாவி–மதிப்புப் பெட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். 10, 2 என்று எண் சாவிகளைப் போட்டால் 2, 10 என்றுதான் திரும்ப வரும். எண்கள் எழுத்துச் சரங்களாகவும் மாறிவிடும். மேப் என்று தனி வகை 2015 முதல் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

பெயர்களை நம்பியும் ஏமாறலாம். சி பிளஸ் பிளஸில் ‘மேப்’ என்ற சின்னப் பெயர் மரத்துக்குப் போய்விட்டது; 2011 தரத்தில் வந்த ஹாஷ் வகைக்கு ‘அன்ஆர்டர்டு மேப்’ என்ற நீளப் பெயர்தான் மிஞ்சியது. விரலுக்குச் சுலபமானதை அடித்துவிட்டு, வரிசையே தேவைப்படாத இடத்தில் மரம் ஏறிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஏராளம். ஜாவாவில் ‘ஹாஷ்டேபிள்’ என்றே பெயர் கொண்ட வகை பழைய சரக்கு. ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல திரெட்கள் ஒரே மேப்பில் எழுதினால் கன்கரன்ட்ஹாஷ்மேப் எடுங்கள்.

எந்த வகையை எடுத்தாலும் சாவி ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே போட்டபின் சாவியையே மாற்றினால் அதன் ஹாஷ் மாறும், அது பழைய அறையிலேயே கிடக்க, நாம் புது அறையில் தேடிக்கொண்டிருப்போம். அதனால்தான் பைத்தான் பட்டியலைச் சாவியாக ஏற்பதில்லை.

மாற்றாமலே மாறியிருக்கும் சாவியும் உண்டு. சொற்களை எண்ணும் ஒரு சின்ன நிரலில் ‘கொடி’ எனக்கு இரண்டு முறை வந்தது, இரண்டு வேறு எண்ணிக்கையோடு. திரையில் அச்சு அசல் ஒன்றுதான். அரை மணி நேரம் ஹாஷைச் சந்தேகப்பட்டேன், மரத்துக்கு மாற்றியும் பார்த்தேன். அதே இரண்டு கொடி. கடைசியில் எழுத்து எழுத்தாகப் பிரித்தபோது தெரிந்தது. ஒரு கோப்பில் ‘கொ’ என்பது க, ஒகரக் குறி என்று இரண்டு எண்களாக இருந்தது. இன்னொன்றில் க, கொம்பு, கால் என்று மூன்றாக இருந்தது. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது; ஹாஷுக்கும் மரத்துக்கும் அது தெரியாது. உள்ளே போடும் இடத்திலும் தேடும் இடத்திலும் சொல்லை, இப்படிச் சமமான வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் வழியாக அனுப்பும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மறுபடி ஹாஷுக்கே திரும்பினேன். எனக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை மட்டும்தான், அடுத்த சொல் எது என்று நான் கேட்கவே இல்லை.