பேட்ச் முடிந்த பிறகு கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் என்னிடம் தையல் படித்தவள். பயிற்றுநர் சான்றிதழும் வாங்கிவிட்டாள். ஒரு திறன் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். "மாசம் 15,000 டீச்சர், கான்ட்ராக்ட்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மாதா மாதம் 15,000-ஆ, பேட்ச் ஓடுகிற மாதத்துக்கு மட்டும் 15,000-ஆ?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எழுத்தில் எதுவும் இன்னும் கையில் வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம்.

திருப்பூர்ப் பக்கம் பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். என் வகுப்பில் உட்காருகிறவர்கள் பதினெட்டு வயதுப் பெண்ணிலிருந்து பேத்தி எடுத்தவர்கள் வரை. அவர்கள் என்னை டீச்சர் என்பார்கள், நான் அவர்களில் பாதிப் பேரை அக்கா என்பேன். பவர் மெஷின் பெடலில் முதல் தடவை கால் வைத்ததும் பயந்து எழுந்து நின்ற ஒரு அக்கா, இரண்டே மாதத்தில் கோணாமல் காலர் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வேலையை விட முடியவில்லை. கூலி விஷயத்தில் ஏமாறுவதும் அதே காரணத்தால்தான்.

ஒரு பேட்ச் என்பது ஏறக்குறைய மூன்று மாதம். அது முடிந்து அடுத்தது தொடங்க ஒரு மாதமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம். நடுவில் நாம் சும்மா இருப்பதில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கச் சொல்வார்கள். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் வாங்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். பழைய மாணவிகளுக்குப் போன் போட்டு வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டு எழுத வேண்டும். வகுப்பு நடத்தும் மணிக்குத்தான் பணம் என்றால், இத்தனைக்கும் கூலி கிடையாது.

பணம் ஏன் எப்போதும் தாமதமாகிறது என்று பல வருடம் புரியாமல் இருந்தேன். மையத்துக்கே அரசுப் பணம் தவணையாகத்தான் வருகிறது. மத்திய அரசு 2015-ல் வெளியிட்ட பொதுச் செலவு விதிமுறையில் பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், தேர்வு முடிந்து சான்றிதழ் கிடைத்ததும் 50, மாணவர்கள் வேலையில் சேர்ந்ததைக் காட்டினால் மீதி 20 என்று இருந்தது. பின்னால் வந்த திட்டங்களில் விகிதம் மாறினாலும், முடிவைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்கிற ஏற்பாடு போகவில்லை. மையத்தின் தலையில் இருக்கும் அந்தச் சுமையை, "தேர்ச்சி 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கடைசி இரண்டு மாதத் தொகை நிறுத்தப்படும்" என்ற ஒரே வரியில் பயிற்றுநர் தலைக்கு மாற்றிவிடுகிறார்கள். என் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்த பேட்சில் 28 பேர். கம்பெனிகளுக்கு ஆர்டர் வந்து ஆள் தேடும் நேரம் அது. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள், தேர்வுக்குக் காத்திருக்கவில்லை. வேலைக்காகத்தானே படிக்க வந்தார்கள், அவர்களை எப்படிக் குறை சொல்வது? வேறு சிலருக்கு வருகை பதியும் மெஷினில் விரல்ரேகை விழவே விழாது. வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் கலந்தும் தேய்ந்துபோன விரல்கள். தினமும் வந்தவர்கள் கணக்கில் வராதவர்கள் ஆனார்கள். என்னுடைய இரண்டு மாதப் பணம் நின்றுபோனது. அது கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதுவும் கையெழுத்து வருகைப் பதிவேட்டைத் தினமும் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் வந்தது. விரல்ரேகை வேலை செய்யாத நாளில் அந்தப் போட்டோவோடு மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகவே அதில் நிற்கும்.

அப்புறம் ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குப் பதிலாகப் போடும் 'மதிப்பூதியம்' என்ற சொல். கேட்க மரியாதையாக இருக்கும். சம்பளம் என்று எழுதினால் பி.எஃப்., பிரசவ விடுப்பு, பணிக்கொடை எல்லாம் பின்னாலேயே வரும். மதிப்பூதியம் என்று எழுதினால் எதுவும் வராது என்று நம்மை நம்பவைக்கிறார்கள். எனக்கு வரிப் பிடித்தத்துக்கு வந்தது சம்பளக்காரர்களுக்கான படிவம் 16 அல்ல, 16ஏ. அதாவது கணக்கில் நான் ஊழியரே அல்ல, வெளியிலிருந்து வந்து சேவை செய்தவள். ஆனால் ஒன்பது மணிக்கு வர வேண்டும், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறு மையத்தில் வகுப்பு எடுக்கக் கூடாது. ஊழியருக்கான கட்டுப்பாடு எல்லாம் உண்டு, உரிமை மட்டும் இல்லை.

காகிதத்தில் என்ன பெயர் போட்டாலும் அதோடு சட்டம் முடிந்துவிடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். கணக்குக்கு ஒப்பந்த ஆட்களும் சேர்த்திதான். தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவச் சலுகை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பிரசவ தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் நம் தொழிலுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வழக்கில், கற்பிப்பவர் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் சொன்ன 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளிக்குத் திறக்கும் தொழிலாளர் நீதிமன்றக் கதவு நமக்கு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. அதனால்தான் கையெழுத்துக்கு முந்தைய அந்த ஒரு நாள் நமக்கு அவ்வளவு முக்கியம்.

தையல் பயிற்சியில் மட்டும் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். முதியோர் எழுத்தறிவுக்காக 2009-ல் தொடங்கிய சாக்‌ஷர் பாரத் திட்டத்தில், ஊராட்சி மக்கள் கல்வி மையத்தைப் பார்த்துக்கொண்ட பிரேரக்குகளுக்கு மாதம் 2,000 ரூபாய்தான். 2018 மார்ச்சோடு திட்டம் நின்றது, அந்த 2,000-மும் நின்றது. இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது சேவை, அதற்குக் கூலி கேட்கலாமா என்ற நினைப்பு மேலிருந்து கீழ்வரை ஊறிப்போயிருக்கிறது. நாம் பெண்களாகவும் இருந்துவிட்டால் கேட்பதற்கு இன்னும் கூச்சம்.

வகுப்பு தொடங்கிவிட்டால் கேட்கவே முடியாது. பணம் நின்ற அந்த இரண்டு மாதமும் நான் வராமல் இருந்திருக்கலாம். "நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு டீச்சர் சொல்லித் தருவா?" என்று ஒரு அக்கா கேட்டார். அதற்கு மேல் எப்படிப் போவது? அந்தப் பாசம் மையத்துக்கும் தெரியும். பணம் வராத விஷயம் கேள்விப்பட்டபோது அதே அக்காதான், "டீச்சர், உங்களுக்கும் பீஸ் ரேட்டா?" என்று கேட்டார். பனியன் கம்பெனியில் இருபது வருடம் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த துணி எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று இருந்தவர், ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். திங்கட்கிழமைக்கு முன்னால் எழுத்தில் வாங்கு. பேட்ச் இல்லாத மாதத்துக்கு என்ன தொகை, ஆள் சேர்க்கப் போனால் பஸ் செலவு யாருடையது, மாணவிகள் பாதியில் நின்றால் உன் பணம் எப்படி, எந்தத் தேதிக்குள் கொடுப்பார்கள், இவ்வளவும் இருக்க வேண்டும். தர மறுத்தால் நீயே ஒரு மின்னஞ்சலில் "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து எழுதி அனுப்பு. நிலுவைப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு, அன்றைக்கு அந்தக் கடிதம்தான் உனக்காகப் பேசும்.

ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அச்சடித்த ஒப்பந்தத்தின் ஓரத்தில், "பயிற்சி இல்லாத மாதத்துக்கு ரூ.6,000" என்று பேனாவில் எழுதி மைய மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். தேர்ச்சி சதவீத வரி மட்டும் அப்படியே இருந்தது. "காலைல வகுப்புக்கு முன்னாடி அதையும் கேட்டுடறேன் டீச்சர்" என்று கீழே எழுதியிருந்தாள்.