வாழ்தகு வலயம்

புதிதாக ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வந்தால் 'ஹேபிட்டபிள் ஸோன்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். தோதான காற்றுமண்டலம் உள்ள ஒரு கோளின் தரையில் தண்ணீர் உறைந்துவிடாமல், ஆவியாகவும் போய்விடாமல் நிற்பதற்கு அது தன் விண்மீனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டுமோ, அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெயர்.

'ஹேபிட்டபிள்', குடியிருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'ஸோன்' கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை. 1953இல் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி இதை 'நீர்மநீர்ப் பட்டை' என்ற பொருளில் அழைத்தார். இப்போதைய பெயரை 1959இல் வழங்கியவர் சு-ஷு ஹுவாங். ஷாப்லியின் பெயர்தான் நேர்மையானது என்பேன். அது தண்ணீரை மட்டும் சொல்கிறது, உயிரைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

தமிழில் 'உயிர்வாழ் மண்டலம்' என்று எழுதினால் அங்கே ஏற்கெனவே உயிர் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. 'வாழ்தகு' பரவாயில்லை. மண்டலம் என்றால் தமிழ்நாட்டில் மாநகராட்சி மண்டலம்தான் முதலில் நினைவுக்கு வரும். வலயம் என்றால் வளையம். விண்மீனைச் சுற்றியிருக்கும் பட்டைக்கு அதுவே பொருத்தம். இலங்கையில் 'கல்வி வலயம்' என்று அன்றாடம் புழங்கும் சொல்லும்கூட.

ஆனால் இந்த வலயத்தின் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒளியின் அளவு. உயிருக்கு ஒளியின் தன்மையும் முக்கியம். 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி என்ற கோள், நமக்கு மிக அருகில் 4.2 ஒளியாண்டில் உள்ள செங்குறுமீனை, அதாவது சிவப்பான சிறிய விண்மீனைச் சுற்றுகிறது. விண்மீன் மங்கலானது என்பதால் வலயமும் நெருங்கிவிடுகிறது: தூரம் சுமார் 75 லட்சம் கி.மீ., ஓர் ஆண்டு என்பது 11 நாள். பூமி பெறுவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒளி கிடைக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. நம் செடிகள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீள ஒளி அங்கே சொற்பம். அகச்சிவப்பால் ஒரு நன்மையும் உண்டு: பனி அதைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்வதால் கோள் முழுக்க உறைந்துபோவது கடினம். அப்புறம் அந்த விண்மீனின் சீற்றம். 2016 மார்ச்சில் ஒரு வெடிப்பில் அது வழக்கத்தைவிட சுமார் 68 மடங்கு பிரகாசமானது. அப்படிக் கொட்டும் புற ஊதாக் கதிர் ஓசோனை அரிக்கும். ஆகவே பிராக்சிமா பி 'வாழ்தகு வலயத்தில் உள்ள கோள்'. 'வாழத்தக்க கோள்' என்று எழுதுவது தவறு.

வலயத்துக்கு வெளியேயும் தண்ணீர் உண்டு. வியாழனின் நிலவு யுரோப்பாவில், பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அதைச் சூடாக வைப்பது வியாழனின் ஈர்ப்பு இழுவை, சூரிய ஒளி அல்ல. 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவிருக்கிறது.