ஒப்வியஸ்னஸ்: பேட்டன்ட் சண்டையில இதுக்கு என்ன தமிழ்?

லத்தீன்ல ஒப் வியாம்னா வழியிலயே எதிர்ப்படுறதுனு அர்த்தம், அதுல இருந்து வந்த சொல்லுதான் ஒப்வியஸ். அகராதிய பொரட்டினா ஒப்வியஸ்னஸுக்கு வெளிப்படைத்தன்மைனு போட்டிருப்பாங்க, சிக்கலே அங்கதான், ஏன்னா டெண்டர், யூனியன் கணக்குனு பேசுறப்ப ட்ரான்ஸ்பேரன்சிக்கும், அதாவது ஒளிவுமறைவு இல்லாம நடக்குறதுக்கும், நாம அதே சொல்லத்தான் பாவிக்கிறோம்.

ஒரு புது கண்டுபிடிப்பப் பாத்து பேட்டன்ட் சட்டம் கேக்குற கேள்வி வேற. அந்தத் தொழில்ல சாதாரண தேர்ச்சி உள்ள ஒருத்தர் கையில பழைய விஷயமெல்லாம் இருந்தா இத அவரே செஞ்சிருப்பாரா? ஆமான்னா பேட்டன்ட் கெடையாது. இலங்கையோட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துலயும் இதே அளவுகோல்தான். அமெரிக்காவுல 1851லயே கதவுக்குமிழ் கேஸ் ஒன்னுல, மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலா களிமண்ணுல செஞ்சா மட்டும் போதாதுனு கோர்ட் சொல்லிருச்சு.

ஒரு உதாரணத்துக்கு, வாயு இருக்குறத கண்டுபிடிக்கிற சென்சர எடுப்போம். நுவரெலியா குளிருக்கு கரிச்சட்டிய உள்ள வச்சு கதவ சாத்திட்டுப் படுக்குற வீட்டுக்கெல்லாம் கார்பன் மொனொக்சைட்ங்கிற நச்சு வாயுவுக்கான அலாரம் அவசியம், அதுல பலதுக்குள்ள இருக்குறது எலக்ட்ரோகெமிக்கல் செல், அதாவது மின்வேதிக் கலம்தான்: வழக்கமா மூனு எலக்ட்ரோடு (மின்முனை), நடுவுல கந்தக அமிலம், வாயு பிளாட்டினத்துல பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகுறப்ப ஓடுற துளியூண்டு கரண்ட அளந்தா எவ்வளவு வாயுனு தெரிஞ்சிரும். ஆனா அமிலம் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம பக்கத்து மூடுபனில ஊதிப் பெருகும், வறண்ட எடத்துல காயும். சரி, ஒருத்தர் அமிலத்த எடுத்துட்டு ஆவியாகாத அயனித் திரவத்த (திரவமாவே இருக்குற ஒரு வகை உப்பு) ஊத்தி பேட்டன்ட் கேக்குறாருனு வைங்க. எதிராளி பழைய ஆய்வுக் கட்டுரை ரெண்டத் தூக்கிட்டு வருவாரு, ஒன்னுல மூனு எலக்ட்ரோடு, இன்னொன்னுல அந்தத் திரவம், ரெண்டையும் சேக்குறது பெரிய வேலையானு கேப்பாரு. இவரோ சேக்கனும்னு யாருக்கும் தோனவே இல்லையே, கெடச்ச பலனும் யாரும் எதிர்பாக்காததுனு நிப்பாரு. விடை சொன்ன பெறகு எந்த விடுகதையும் லேசாத்தான் தெரியும், அதனாலதான் ஜட்ஜுங்க இப்ப இருந்து பின்னாடி பாக்காம பேட்டன்ட் கேட்ட அந்தத் தேதில நின்னு பாக்கனும். 2007ல டெலிஃப்ளெக்ஸ் கேஸ்ல, அது கார் பெடல்ல வச்ச சென்சர், வாயுவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, தேர்ச்சி உள்ளவரு இயந்திரம் இல்ல, சாதாரண கற்பனையும் அவருக்கு உண்டுனு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து எதிராளி கை கொஞ்சம் ஓங்கிருச்சு.

அப்ப தமிழ்ல? எனக்குப் பட்டது “எளிதில் எட்டுவது”, எதிர்மறைக்கு “எளிதில் எட்டாமை”. யாருக்கு எட்டுதுனு கேக்க வைக்குது பாருங்க, வெளிப்படைல அது இல்ல. பேட்டன்ட்டுக்கு காப்புரிமைனு சொல்றது நல்லாவே ஒட்டிக்கிச்சு, அதுல கை வைக்க வேணாம்.