தேசிக்காய் எப்படிக் காரமாகிறது?

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறார். இருபது வருடமாகச் சீனி வருத்தம், பிறகு பிரஷர். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம் என்று போன வருடம் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தில் இருந்தவருக்கு யாரோ வட்ஸ்அப்பில் ஒரு அட்டவணையை அனுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் 'அமில உணவு': மீன், முட்டை, இறைச்சி, சோறு, தயிர். மறுபக்கம் 'கார உணவு': கீரை, வாழைப்பழம், இளநீர், தேசிக்காய். அடியில் சிவப்பு எழுத்தில், இரத்தம் அமிலமானால் எல்லா நோயும் வரும் என்று ஒரு வரி. அன்றோடு மாமி மீனை விட்டார். படுவான்கரையிலிருந்து வாராவாரம் சட்டியில் வரும் எருமைத் தயிரையும் நிறுத்தினார். காலையில் வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீர், பின்னேரம் இளநீர்.

நான் போயிருந்தபோது அட்டவணையைக் காட்டிக் கேட்டார்: "மனே, தேசிக்காய் புளிக்குதே. புளிக்கிறதெல்லாம் அமிலம் எண்டுதானே நீ பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாய்? அப்ப அது எப்பிடி காரப் பக்கத்தில வந்த?"

மிகச் சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த அட்டவணையில் எது உண்மை, எது வெறும் பயமுறுத்தல் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். இங்கே காரம் என்றால் மிளகாயின் உறைப்பு அல்ல. நமக்கு உறைப்பு என்று தனிச் சொல் இருப்பதால் குழப்பம் குறைவு. காரம் என்பது சுண்ணாம்பு, சாம்பல், சவர்க்காரம் போன்றவற்றின் குணம். அமிலத்தைச் சந்தித்தால் அதைச் சமப்படுத்துவது. இரண்டையும் அளக்கப் பீஎச் என்ற அளவுகோல் இருக்கிறது. டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் உருவாக்கியது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தேசிக்காய்ச் சாறு 2 அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். ஆகவே கையில் இருக்கும்போது அது அமிலம்தான். மாமி சொன்னதில் பிழையே இல்லை.

அவருடைய குசினியிலேயே ஒரு சோதனை செய்தோம். வெள்ளைத் துணித்துண்டில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினேன். ஒரு மூலையில் தேசிக்காய் பிழிந்தேன்; மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. விறகடுப்பில் ஒரு பிடி சாம்பல் அள்ளி, தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை இன்னொரு மூலையில் விட்டேன். அந்த இடம் செங்கல் நிறமாகச் சிவந்தது. மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும். கறிக்கறை பட்ட வேட்டியில் சவர்க்காரம் போட்டதும் சிவப்பது இதனால்தான்.

அட்டவணையின் வேரும் இந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் வேதியியலாளர்கள் உணவுகளை முழுதாக எரித்து, மிஞ்சிய சாம்பலில் அமிலம் உண்டாக்கும் மூலகங்கள் கூடவா, காரம் உண்டாக்குபவை கூடவா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் ஷெர்மன், கெட்லர் என்ற இருவர் 1912இல் இப்படி உணவுகளைத் தரம் பிரித்தார்கள். தேசிக்காயை எரித்தால் அதன் புளிப்பான சித்திரிக் அமிலம் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் போய்விடும். மிஞ்சுவது பொற்றாசியம் நிறைந்த சாம்பல். அது காரம். பழமும் கீரையும் கிழங்கும் ஏறக்குறைய எல்லாம் இப்படித்தான்.

நம் உடலும் அதையே செய்கிறது, தீயில்லாமல். சித்திரிக் அமிலத்தைக் கலங்கள் எரித்துவிடுகின்றன, காபனீரொட்சைட்டு மூச்சில் வெளியேறுகிறது. பொற்றாசியத்தோடு சேர்ந்திருந்த சித்திரேற்று எரியும்போது அதனிடத்தில் இருகாபனேற்று உருவாகிறது. அது காரம். மீனும் முட்டையும் இறைச்சியும் நாக்கில் புளிப்பதே இல்லை. ஆனால் அவற்றின் புரதத்தில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் உண்டு. அவை எரிந்தால் சல்பூரிக் அமிலம் உண்டாகும், மிகச் சிறிய அளவில். நாக்குச் சொல்வது ஒன்று, எரிந்தபின் மிஞ்சுவது வேறொன்று.

ஜெர்மனியில் ரெமர், மான்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1995இல் இதை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, 100 கிராம் உணவு சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமிலச் சுமை தரும் என்று எண்களாகத் தந்தார்கள். மீன் சராசரியாக 7.9. ஸ்பினாச் என்ற மேல்நாட்டுக் கீரைக்கு −14, அதாவது காரப் பக்கம். தேசிக்காய்ச் சாறு −2.5. சாதாரணத் தயிர் வெறும் 1.5. மாமி ஆசையோடு விட்டுவிட்ட தயிர் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட நடுவில்தான் நிற்கிறது. பால் உறைவது அமிலத்தால் என்பது உண்மை. உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் இலற்றிக் அமிலத்தை உண்டாக்கி, பாலின் பீஎச்சை 6.6 அளவிலிருந்து 4.6க்குக் கிட்ட இறக்கும்போது கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கெட்டியாகிறது. எருமைப்பாலில் கேசினும் கொழுப்பும் கூட. அதனால்தான் சட்டியைச் சரித்தாலும் நம் தயிர் அசையாது. அந்தப் புளிப்பையும் உடல் எரித்துவிடுகிறது.

சரி, இரத்தம்? மாமியைப் பயமுறுத்திய வரிக்கு வருவோம். இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. 6.8க்குக் கீழே போனால் உயிர் தங்குவது அரிது. அந்த இடைவெளியை ஒரு துண்டு மீனோ ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீரோ அசைப்பதில்லை.

மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வாவியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு பாட்டம் மழைக்கு வாவியின் மட்டம் கூடியது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பரப்பு. மாரியில் விடாமல் பெய்து நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், மேலதிக நீர் கடலுக்குப் போய்விடும். இரத்தத்தில் கரைந்திருக்கும் இருகாபனேற்று அந்த வாவிப் பரப்பைப்போல. வரும் அமிலத்தை வந்த கையோடு தாங்கிக்கொள்கிறது. உடலுக்கு முகத்துவாரம் இரண்டு. ஒன்று சுவாசப்பை: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15,000 மில்லிமோல் காபனீரொட்சைட்டை, அதாவது அமிலமாகக்கூடிய பொருளை, ஊதித் தள்ளுகிறது. மற்றது சிறுநீரகம்: உணவிலிருந்து வரும் ஆவியாகாத அமிலம் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிமோல் அளவுதான், அறுபது கிலோ ஆளுக்கு அறுபது. அதைச் சிறுநீரில் வெளியேற்றி, செலவான இருகாபனேற்றைத் திரும்ப உண்டாக்கியும் கொடுக்கிறது. 15,000த்தோடு 60ஐ வைத்துப் பாருங்கள்.

ஆகவே உணவு மாற்றுவது சிறுநீரை, இரத்தத்தை அல்ல. இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பிரான்சின் குளோட் பெர்னார்ட். சந்தையிலிருந்து வந்த முயல்களின் சிறுநீர் தெளிந்தும் அமிலமாகவும் இருந்தது. புல் தின்னும் முயலுக்கு அது கலங்கலாகவும் காரமாகவும் அல்லவா இருக்கவேண்டும்? பட்டினி கிடந்த முயல் தன் தசையையே எரித்து வாழ்ந்திருக்கும், அந்த நேரத்தில் அதுவும் இறைச்சி தின்னும் விலங்குதான் என்று ஊகித்தார். புல் கொடுத்தார், சில மணித்தியாலத்தில் சிறுநீர் காரமானது. பட்டினி போட்டார்; மறுபடி அமிலம். அவித்த மாட்டிறைச்சி கொடுத்துப் பார்த்தார், அப்போதும் அமிலம். 19ஆம் நூற்றாண்டுச் சோதனை அது. எனக்கு இன்றும் வகுப்பில் சொல்லிச் சலிக்காத கதை.

இப்போது சிலர் சிறுநீரில் ஒரு தாளை நனைத்துக் காட்டி, 'பாருங்கள், உங்கள் உடல் அமிலமாகிவிட்டது' என்கிறார்கள். முகத்துவாரத்தால் வெள்ளம் பாய்வதைப் பார்த்து ஊர் மூழ்கிவிட்டது என்று சொல்வதைப் போன்றது அது. சிறுநீர் அமிலமாக இருப்பது சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அப்படித் தாள் காட்டிய ஒருவரிடம்தான் மாமி தன் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் கொடுத்து, காரத் தண்ணீர் தரும் மெசின் ஒன்றும் வாங்கியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை. பீஎச் 9 உள்ள தண்ணீர் ஒரு லீற்றர் குடித்தால், மெசின் கூட்டிய காரத்தை மட்டும் கணக்கெடுத்தால், பீஎச் 1.5 உள்ள இரைப்பைச் சாற்றில் ஆறேழு துளியைத்தான் அது சமப்படுத்தும். இரைப்பையைத் தாண்டும் எல்லா உணவுக்கும், அது கீரையோ இறாலோ, முன்சிறுகுடலில் சதையி சுரக்கும் இருகாபனேற்றுக் கிடைக்கிறது. அந்த வேலையை உடல் யாரிடமும் காசு வாங்காமல் செய்கிறது.

புற்றுநோய்க் கதையும் இதோடு சேர்ந்தே வரும். ஒட்டோ வார்பர்க் நோபல் பரிசு பெற்றதே அமிலத்தால் புற்றுநோய் வருகிறது என்று கண்டதற்காக என்பார்கள். அவருக்கு 1931இல் பரிசு கிடைத்தது கலச் சுவாச நொதியத்தைப் பற்றிய ஆய்வுக்கு. புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அதிகமாக நொதிக்கவைத்து இலற்றிக் அமிலத்தை உண்டாக்குகின்றன என்பதையும் அவர் கண்டார், உண்மை. ஆனால் அங்கே அமிலத்தை உண்டாக்குவது கட்டி. அமிலம் கட்டியை உண்டாக்கவில்லை. காரத் தண்ணீரும் கார உணவும் புற்றுநோயைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு தேடியது. நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. மீன் தின்றால் எலும்பு கரையும் என்பதும் அப்படியே: புரதம் கூடினால் சிறுநீரில் கல்சியம் கூடும், ஆனால் உடலின் மொத்தக் கல்சியக் கணக்கு அதனால் குறைவதாகக் காணப்படவில்லை.

ஆனால் அட்டவணையை முழுதாகக் குப்பையில் போடவும் முடியாது. இரண்டு இடங்களில் இது உண்மையிலேயே பயன்படும்.

ஒன்று சிறுநீரகக் கல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலிலும் தோணியிலும் வேலை செய்பவர்கள் வியர்வையில் இழக்கும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. சிறுநீர் தடித்துவிடும். அது மிகவும் அமிலமாகவும் இருந்தால், பீஎச் 5.5க்குக் கீழே, யூரிக் அமிலக் கல் எளிதாகப் படியும். சீனி வருத்தக்காரருக்கு இந்த வகைக் கல் கூடுதலாக வருகிறது. சித்திரேற்று சிறுநீரில் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் மற்றக் கல்லையும் ஓரளவு தடுக்கும். ஆகவே சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீர் நல்லதுதான், இரத்தத்தைக் காரமாக்குவதற்காக அல்ல.

மற்றது மாமியின் நிலை, எனக்குப் பெரிய கவலையும் அதுதான். சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்துவிட்டால் நாளாந்த அமிலத்தை முழுதாக வெளியேற்ற முடியாது. அப்போது இரத்தத்தில் இருகாபனேற்றுக் குறையும். வைத்தியர்கள் அதை அளந்து பார்த்து, தேவையென்றால் சோடியம் இருகாபனேற்றுக் குளிசை கொடுப்பார்கள். அது அப்பச்சோடாவில் இருக்கும் அதே பொருள்தான். அதற்காக வீட்டில் கரண்டியால் அள்ளிக் குடித்துவிடக்கூடாது; அதிலுள்ள சோடியம் பிரஷரையும் வீக்கத்தையும் கூட்டும். கீரையும் பழமும் அமிலச் சுமையைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் தேசிக்காயைக் காரமாக்கிய அதே பொற்றாசியம் இங்கே ஆபத்தாகிறது. தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்றத் தடுமாறும். இரத்தத்தில் 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்கவேண்டிய அளவு ஏறினால் இதயத் துடிப்புக் குழம்பி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகலாம். லொசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் குளிசைகளும் பொற்றாசியத்தைக் கூட்டக்கூடியவை. மாமி குடிப்பது லொசார்டன். அதன்மேல் தினமும் இரண்டு இளநீர், நான்கைந்து வாழைப்பழம், ஒரு சட்டி கீரை.

அடுத்த நாளே கூட்டிப்போய் இரத்தம் சோதித்தோம். 5.4. இளநீரை நிறுத்தச் சொன்னார்கள். கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுண்டச் சொன்னார்கள். பொற்றாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். மீன் ஒரு துண்டு, தயிர் ஓர் அகப்பை, அளவோடு தின்னலாம் என்றார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், எந்தப் புது உணவுமுறைக்கும் முன்னர் பொற்றாசியத்தைச் சோதித்துவிடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

அன்று மத்தியானம் மாமி சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அப்புறம் வழக்கம்போல வெற்றிலை வட்டாவை இழுத்தார். விரல் நுனியில் சுண்ணாம்பு. பீஎச் 12க்கு மேல். அவர் வாயில் படுவதில் உண்மையாகவே கடுங்காரமானது அது ஒன்றுதான். பாக்கின் சாரத்தைப் பிரித்தெடுத்து வாயின் உட்தோலுக்குள் இறக்குவதும் அதுதான். பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்திருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலப்பக்கக் கன்னத்தின் உள்ளே, எப்போதும் சப்பலை ஒதுக்கும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நோவில்லையாம், எப்போதிருந்து என்றும் தெரியாதாம். திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் போகிறோம்.